காசு நம்முடையது, பூட்டு யாருடையது?

ஞாயிற்றுக்கிழமை மதியம், சிங்கப்பூர் ஈசூனில் அக்கா வீடு. மீன் குழம்புச் சாப்பாடு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும், அக்கா மகன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"பாருங்க மாமா. மழையில நனைஞ்சு சாப்பாடு கொண்டுபோறது நான். அவங்க பாதிய எடுத்துக்கிறாங்க. என் காசை என்கிட்டயே கொடுத்தா நான் பார்த்துக்க மாட்டேனா?"

பாதியெல்லாம் இல்லை. 1995இலோ அதற்குப் பிறகோ பிறந்த, செயலி வழி வேலை பார்க்கும் உணவு விநியோக ஊழியர்களுக்கும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் 2025 ஜனவரியிலிருந்து சிபிஎஃப், அதாவது ஓய்வுக்காலத்துக்கென்று பிடிக்கும் மத்திய சேமநிதி, கட்டாயம்; பிடித்தம் படிப்படியாகக் கூடும். பையன் 1996இல் பிறந்தவன், மாட்டிக்கொண்டான். அவன் பங்கோடு நிறுவனமும் ஒரு பங்கு போடுகிறது என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல்: "கடைசி காலத்துல அரசாங்கம் பார்த்துக்கும்டா, சும்மா இரு."

அவனுக்குத் தன் மேல் நம்பிக்கை, அவளுக்கு அரசாங்கத்தின் மேல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன என்று அன்றே தோன்றியது. பார்த்தால், நடுவில் மூன்றாவதாக சிபிஎஃப் நிற்கிறது. அது யார் பக்கம் என்பதில்தான் குழப்பமே.

முதலில் பையன் கட்சி. முழுக் காசும் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1985இல் அவருக்கு 55 வயது. அப்போதெல்லாம் 55 ஆனால் சிபிஎஃப் பணம் மொத்தமாகக் கைக்கு வந்துவிடும். வங்கியிலிருந்து வந்த அன்று சட்டைப் பையை நாலு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அடுத்த மாதமே சிராங்கூன் சாலையில் அக்காக்களுக்கு நகை. அப்புறம் மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு மாடி வீடு. இன்றைக்கும் அதைச் 'சிங்கப்பூரார் வீடு' என்றுதான் சொல்கிறார்கள். பூட்டியே கிடக்கிறது. நாலு வருடத்தில் பணம் தீர்ந்தது. அப்பா 2012 வரை இருந்தார்.

அவர் ஊதாரி இல்லை. பெண்களைக் கரையேற்றினார், ஊரில் தலைநிமிர்ந்து நின்றார். தனக்கு இன்னும் 27 வருடம் இருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. யாருக்குத்தான் தெரியும்? சொந்தப் பொறுப்பு என்று பேசுபவர்கள் கட்டுப்பாடு, சிக்கனம் என்றே பேசுகிறார்கள். கட்டுப்பாடு உள்ளவனுக்கும் தன் ஆயுள் எத்தனை என்று கணக்குப் போடத் தெரியாது. அந்த மிச்ச ஆண்டுகளில் அப்பாவுக்குப் பென்ஷன் கொடுத்தது நாங்கள்தான். மாதத்தின் முதல் வாரம் ஆளுக்கொரு உறை, சாமி படத்துக்குக் கீழே. உறை வைக்கப் பிள்ளைகள் இல்லாத, அல்லது வைக்க மறுத்த வீடுகளும் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் என்று ஒன்று நாடாளுமன்றம் வரை போயிருக்காது.

அப்பா மாதிரி ஆட்களைப் பார்த்துத்தானோ என்னவோ, 1987இல் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று வந்தது. முதலில் 30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதைக் கணக்கில் விட்டுவிட்டு மீதியைத்தான் எடுக்க முடியும். அதற்கு முன்பு, 1984இல், எடுக்கும் வயதையே 55இலிருந்து 60க்குத் தள்ளலாம் என்று ஓர் அரசுக் குழு சொன்னபோது ஊரே கொதித்தது. ஆண்டுக் கடைசியில் நடந்த தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு மளமளவெனச் சரிந்ததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். 2014இல் ஹாங் லிம் பூங்காவில் "எங்கள் பணத்தைத் திருப்பிக் கொடு" என்று கூட்டம் கூடியதும் இதே கோபத்தின் தொடர்ச்சிதான். கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை: காசு நம்முடையது, பூட்டு அவர்களுடையது.

பூட்டுக்குள் என்ன இருக்கிறது? 1955இல் சம்பளத்தில் தொழிலாளி 5, முதலாளி 5 விழுக்காடு என்று தொடங்கியது, 1984இல் 25, 25 என்று உச்சிக்குப் போய், இப்போது 55 வயது வரை உள்ளவர்களுக்கு 20, 17, ஆக மொத்தம் 37 விழுக்காட்டில் நிற்கிறது. சாதாரணக் கணக்கில் இரண்டரை விழுக்காடு வட்டி, சிறப்புக் கணக்கிலும் ஓய்வுக்காலக் கணக்கிலும் குறைந்தது நாலு. நாலு விழுக்காட்டில் போட்ட பணம் பதினெட்டு வருடத்தில் இரட்டிப்பாகும், சந்தை விழுந்தாலும் எழுந்தாலும். அக்கா மகன் பங்குச் சந்தையில் இதைவிட நன்றாகச் சம்பாதிக்க முடியும் என்கிறான். முடியலாம். ஆனால் சந்தை சரிந்த மாதத்தில் அவன் செயலியை அழித்துவிட்டு மூன்று வாரம் எங்கள் பக்கமே வராமல் இருந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சிபிஎஃப்பில் என்னைக் கவர்வது வட்டிகூட இல்லை, 2009இல் வந்த சிபிஎஃப் லைஃப். உயிரோடு இருக்கும் வரை மாதாமாதம் பணம் வரும். 65இலிருந்து வாங்கலாம், 70 வரை தள்ளிப்போட்டால் ஒவ்வோர் ஆண்டுக்கும் 7 விழுக்காடு வரை கூடும். தொண்ணூற்றைந்து வரை இருந்தாலும் நிற்காது. அப்பாவின் கடைசிக் காலப் பள்ளத்தை நிரப்பியிருக்கக்கூடியது இது மாதிரி ஒன்றுதான். இதைத் தனியாளாக எவனும் தனக்குத் தானே செய்துகொள்ள முடியாது. பல பேர் பணத்தை ஒரே பானையில் போட்டால்தான் சீக்கிரம் போகிறவர்களின் வட்டி நீண்ட நாள் இருப்பவர்களுக்குச் சோறு போடும்.

ஆனால் இதை அரசாங்க உதவி என்று அக்கா சொல்லும்போது எனக்கு ஒப்புக்கொள்ள முடியவில்லை. உள்ளே இருப்பது நம் சம்பளமும் முதலாளி பங்கும். மன்னார்குடியில் அரசு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் ஒன்றுவிட்ட அண்ணன் வாங்குவது வேறு: அகவிலைப்படியோடு மாதப் பென்ஷன், அவருக்குப் பிறகு அண்ணிக்கும் குடும்பப் பென்ஷன். இங்கே எல்லாருக்கும் அப்படிக் கொடுக்க ஆரம்பித்தால், 2030இல் குடிமக்களில் நாலில் ஒருவர் 65ஐத் தாண்டியிருக்கப்போகும் நாட்டில், பாரம் முழுக்க அக்கா மகன் தலையில்தான் விழும்.

பூட்டு பூட்டு என்கிறோமே, அதில் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு: வீடு. 1968இலிருந்து சிபிஎஃப் பணத்தை எடுத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குக் கட்டலாம். நம்மில் பலருடைய ஓய்வுக்காலம் சுவரிலும் தரையிலும்தான் இருக்கிறது. நண்பர் ஒருவர் வீட்டை விற்றார், நல்ல விலை. வீட்டுக்காக எடுத்த பணத்தையும், எடுக்காமல் விட்டிருந்தால் கிடைத்திருக்கும் வட்டியையும் சேர்த்து அவருடைய கணக்குக்கே திருப்பிக் கட்டச் சொன்ன கடிதத்தைப் பார்த்துவிட்டு அரைமணி நேரம் பேசவே இல்லை. அவர் பணம்தான், எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் கைக்கு வந்த ரொக்கத்தில் புது வீட்டு அலமாரிகூடச் செய்ய முடியவில்லை என்றார்.

சரி, வரிப்பணத்திலிருந்து வரும் அசல் அரசாங்க உதவி என்ன? அக்காவுக்கு 66 வயது. கல்யாணத்துக்கு முன் ஏழு வருடம் மின்னணுத் தொழிற்சாலையில் நின்றாள். பிறகு மாமியார், மூன்று பிள்ளைகள், நோயாளிக் கணவர். சம்பளம் இல்லாத முப்பத்தைந்து வருட வேலை. சிபிஎஃப்பில் எட்டாயிரத்துச் சொச்சம். அவளுக்கு சில்வர் சப்போர்ட் வருகிறது. வேலைக்காலத்தில் சம்பாத்தியம் குறைவாக இருந்த முதியவர்களுக்காக 2016இல் தொடங்கிய திட்டம். விண்ணப்பம் கிடையாது, அரசே பார்த்து அனுப்பும். மூன்றறை வீட்டில் இருப்பதாலும் வீட்டு வருமானம் குறைவு என்பதாலும் காலாண்டுக்கு 860 வெள்ளி. இது 2025இல் கூட்டப்பட்ட பிறகு வரும் தொகை. ஒரு நாளுக்குப் பத்து வெள்ளிகூட வரவில்லை. காப்பிக்கடையில் இரண்டு வேளை சாப்பிடலாம். "அரசாங்கம் பார்த்துக்கும்" என்று அவள் சொன்னது இந்த அளவுக்குத்தான்.

இன்னொன்று, நாம் மூத்தோரின் ஓய்வுக்காலக் கணக்கில் ஒரு வெள்ளி போட்டால் அரசும் ஒரு வெள்ளி போடும் திட்டம். 2021இல் ஆண்டுக்கு 600 வெள்ளி வரை என்று வந்தது, 2025இலிருந்து 2,000 வரை, ஆயுளுக்கு 20,000 வரை. அதோடு 55ஐத் தாண்டியவர்களின் முதல் 30,000 வெள்ளிக்கு 6 விழுக்காடு வரை வட்டி. எந்த வங்கியில் கிடைக்கும் இது? நான் அக்கா பேரில் 2,000 போட்டேன். தாராளம்தான், மறுக்கவில்லை. ஆனால் அக்காவுக்கு எதிர் வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார், துணைக்கு யாரும் இல்லை. அவர் பேரில் 2,000 போட ஒரு தம்பி இல்லை. போடாததால் அரசின் 2,000மும் இல்லை. உள்ளவனுக்கு உதவி, இல்லாதவனுக்குக் காலாண்டு 860. என்னைக் கேட்டால், பிள்ளை வளர்த்த, மாமியாரைக் குளிப்பாட்டிய ஆண்டுகளுக்கென்று, யாரும் முதலில் பணம் போடாமலே அரசு ஏதாவது போட வேண்டும். சம்பளம் வாங்கியவனிடம் சொந்தப் பொறுப்பு பேசலாம். சம்பளமே கொடுக்காத வேலை பார்த்தவளிடம் எப்படிப் பேசுவது?

சொந்தப் பொறுப்பின் சுத்தமான வடிவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போனால் போதும். வேலை அனுமதிச்சீட்டில் வந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு சிபிஎஃப் கிடையாது. பிடித்தமும் இல்லை, முதலாளி பங்கும் இல்லை. அக்கா மகன் கேட்கிற முழுச் சுதந்திரம் அவர்களிடம் இருக்கிறது. பணம் அனுப்பும் கடை வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். தங்கை கல்யாணம், ஏஜெண்ட் கடன், வீட்டுக்கு ஓடு. அப்பா நாலு வருடத்தில் செய்ததை இவர்கள் மாதாமாதம் செய்கிறார்கள்.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். பாதி கேட்டான். அடுத்த விநியோகம் வந்துவிட்டது, தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அக்கா கைப்பேசியில் அவள் கணக்கைத் திறந்து, நான் போட்ட 2,000 உள்ளே வந்திருப்பதைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பூஜ்யங்களை எண்ணினாள்.

"ஏன்டா, நான் போயிட்டா இது யாருக்கு?"

"யார் பேரை எழுதி வைக்கிறியோ அவங்களுக்கு. ரெண்டு சாட்சி வேணும், ஒண்ணுக்கு நான் இருக்கேன்."

கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ரெண்டு பொண்ணுங்க பேரையும் போடு. இவனுக்கு வேணாம். இவனுக்குத்தான் மாசாமாசம் பிடிக்கிறாங்களே."