ஷெல் வாட்டர் டிடெக்டர் கேப்ஸ்யூல்: சென்னைக் காற்றுக்குத் தாங்குமா?

ஹெலிகாப்டருக்கு ஏடிஎஃப் (விமான எரிபொருள்) நிரப்பும் இடத்தில் பவுசர் (எரிபொருள் லாரி), பம்ப், ஃபில்டர் என்று எத்தனையோ சாமான் இருக்கும். அதில் ஆகச் சின்னது இந்த மஞ்சள் கேப்ஸ்யூல்தான். நல்ல பொருள், தாராளமாக வாங்கலாம். ஆனால் எரிபொருளில் நீர் மிதக்கிறதா என்ற ஒரே ஒரு கேள்விக்குத்தான் இது பதில் சொல்லும். மற்ற சோதனைகளுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிளாஸ்டிக் கேப்ஸ்யூலுக்குள், நீர் பட்டால் நிறம் மாறும் ரசாயனம் தோய்த்த ஃபில்டர் பேப்பர் வட்டம். ஒரு ட்யூபில் 10 கேப்ஸ்யூல், 5 மி.லி. சிரிஞ்ச் தனி. எரிபொருளில் கரையாமல் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) இருந்தாலே மஞ்சள் பச்சையாகும்; நீர் கூடக்கூடக் கரும்பச்சை. சேத்தக் ஹெலிகாப்டரின் டேங்க் 575 லிட்டர். அதில் 30 பிபிஎம் என்றால் மொத்தமே 17 மி.லி. தண்ணீர். இவ்வளவு சன்னமாகப் பரவிய நீர் கண்ணுக்குத் தப்பிவிடும், கேப்ஸ்யூலுக்குத் தப்பாது. காசு கொடுப்பது இதற்குத்தான்.

17 மி.லி.யால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். டேங்கில் இருந்து பூஸ்டர் பம்ப், ஷட்-ஆஃப் வால்வு, ஃபில்டர், இன்ஜினே ஓட்டும் உயர் அழுத்த பம்ப், ஃப்யூயல் கன்ட்ரோல், கடைசியில் பர்னர் என்பதுதான் பொதுவாக எரிபொருள் போகும் வழி. பரவிக் கிடக்கிற நீர் பெரும்பாலும் எரிந்து போய்விடும். ஒரே இடத்தில் சேர்ந்து மொத்தமாக உறிஞ்சப்பட்டால்தான் இன்ஜின் அணையும். சியாச்சின் பக்கம் பறக்கும் சீட்டா ஹெலிகாப்டருக்கு அது ஃபில்டரில் பனியாக உறையும் தலைவலி. அதற்காகத்தான் ராணுவ எரிபொருளில் ஐசிங் இன்ஹிபிட்டர் (நீர் உறைவதைத் தடுக்கும் ரசாயனம்) கலக்கிறார்கள். சென்னையில் பனி கிடையாது, வேறு வில்லன் உண்டு. நீரும் எரிபொருளும் சந்திக்கும் கோட்டில் பூஞ்சை வளரும். கூழ் மாதிரியான அந்தப் படலம் ஃபில்டரை அடைக்கும், டேங்க் உலோகத்தையும் அரிக்கும். மின்தேக்குத் திறனை வைத்து அளவு காட்டும் கெப்பாசிட்டன்ஸ் வகை ஃப்யூயல் கேஜ் இருந்தால் அதுவும் பொய் சொல்லும். ஏனென்றால் அந்தத் திறனை மாற்றும் மின்கடத்தாப் பொருள் மாறிலி நீருக்குச் சுமார் 80, எரிபொருளுக்கோ 2 சொச்சம்தான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பாதி காற்றிலிருந்தே. காற்றின் ஈரம் எரிபொருளில் கரைகிறது. எரிபொருளில் கரைந்திருக்கும் நீரை இந்தக் கேப்ஸ்யூல் காட்டாது, காட்டவும் கூடாது. தோராயக் கணக்கு ஒன்று உண்டு: ஒரு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஏறக்குறைய ஒரு பிபிஎம் நீர் கரையும். மீனம்பாக்கத்தில் பகலில் 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் எரிபொருள் விடியற்காலையில் 20க்கு இறங்கினால், சுமார் 18 பிபிஎம் கரைசலை விட்டு வெளியே வரும். 575 லிட்டருக்கு 10 மி.லி. யாரும் ஊற்றாமலே வந்த தண்ணீர். அது அடியில் இறங்கிச் சேர்வதால், முந்தின நாள் சாயங்காலம் 'ஓகே' காட்டிய டேங்க் மறுநாள் காலையில் பச்சை காட்டினால் கேப்ஸ்யூலைக் குறை சொல்லக் கூடாது.

மீதிப் பாதி பேரல். வெள்ள நிவாரணம், தேர்தல் பந்தோபஸ்து என்று மாவட்ட மைதானங்களில் இறங்கும்போது 200 லிட்டர் பேரல்தான் பங்க். சேத்தக் டேங்க் நிரம்ப ஏறக்குறைய மூன்று பேரல் வேண்டும். பேரலை நிமிர்த்தி வைத்தால் ஐப்பசி மழை மேல்தட்டில் தேங்கும். இரவில் உள்ளே காற்று சுருங்கும்போது மூடி மரை வழியாக அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் கடிகாரத்தின் 3 மணி, 9 மணி இடத்தில், எரிபொருளுக்குள் முழுகி இருக்கும்படி வைக்க வேண்டும். எடுக்கும் முன் நிமிர்த்தி, ஒவ்வொரு 30 செ.மீ. ஆழத்துக்கும் ஒரு மணி நேரம் அசையாமல் விட்டால்தான் நீர் அடியில் இறங்கும். பம்ப் குழாய் அடியைத் தொடக்கூடாது, சில அங்குலம் மேலே நிற்க வேண்டும். அடியில் மிஞ்சுவதை ஆசைப்பட்டு உறிஞ்சாதீர்கள்.

இனி சோதிக்கும் முறை. ஹெலிகாப்டரை நகர்த்துவதற்கு முன்பே டேங்கின் அடியில் உள்ள சம்ப் டிரெயின் குழாயில் மாதிரி பிடிக்க வேண்டும். நகர்த்தினால் அடியில் இறங்கிய நீர் மறுபடி கலங்கிவிடும். சுத்தமான கண்ணாடி ஜாடியில் பிடித்துச் சுழற்றி, சுழியின் அடியில் முத்து மாதிரி நீரோ, தூசியோ திரள்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகுதான் கேப்ஸ்யூல். ட்யூபில் இருந்து ஒன்றை எடுத்து மூடியை உடனே திருகுங்கள். பேப்பர் முழுக்க ஒரே மஞ்சளா என்று பார்த்துவிட்டு சிரிஞ்சில் பொருத்தி, எரிபொருளுக்குள் முக்கி 5 மி.லி. கோடு வரை இழுங்கள். நனைந்த நடுப்பகுதிக்கும் நனையாத ஓரத்துக்கும் நிற வித்தியாசம் இருக்கிறதா என்பதுதான் விடை. மொத்த வட்டத்தின் நிறம் அல்ல. மாதிரி பிடித்த கையோடு செய்துவிட வேண்டும், டீ குடித்துவிட்டு வந்து அல்ல. ஒரு கேப்ஸ்யூல், ஒரே ஒரு தடவை.

இது மானத்தைக் காப்பாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. ஜாடி நிறையத் தண்ணீரே வந்திருந்தால் பார்வைக்கு அது சுத்தமாக, பளபளவென்றுதான் இருக்கும். பிரிகோடு தெரிந்தால்தானே சந்தேகம் வரும்? மோந்து பார்க்கத் தோன்றாதவர் ஓகே போட்டுவிடுவார். கேப்ஸ்யூல் அந்த இடத்தில் கறுத்துக் காட்டிக்கொடுக்கும்.

காட்டிக்கொடுக்காதவையும் உண்டு. தூசி, துரு, டீசல் கலப்பு எதையும் இது சொல்லாது. கலப்புக்கு ஹைட்ரோமீட்டரும் தெர்மாமீட்டரும்தான். 15 டிகிரிக்குத் திருத்திய அடர்த்தி, அந்தச் சரக்கோடு வரும் பேட்ச் பேப்பரில் இருப்பதிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் விலகினால் அந்த எரிபொருளைத் தொடாதீர்கள். ஜாடியின் மேல்பக்கம் மட்டும் உறிஞ்சினால் அடியில் உருண்டு கிடக்கும் நீரும் தப்பிவிடும். சோதனை பாஸ் என்பதால் எர்த்திங்கைத் தள்ளிப்போடவும் முடியாது: டேங்க் மூடியைத் திறக்கும் முன் நாஸிலையும் ஹெலிகாப்டரையும் இணைக்கும் பாண்டிங் ஒயரை மாட்டுவது, எல்லாம் முடிந்த பிறகே கழற்றுவது. மழையில் கிராவிட்டி முறையில், அதாவது டேங்க் வாயைத் திறந்து வைத்து நிரப்பினால் தார்ப்பாயைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

சென்னையில் இதன் உண்மையான எதிரி காற்றின் ஈரம். மூடி சரியாகத் திருகாத ட்யூபில் மிச்சக் கேப்ஸ்யூல்கள் சோதனைக்கு முன்பே பச்சை தட்டிவிடும். மூடி கொஞ்சம் இறுக்கமானது, எண்ணெய்க் கையில் வழுக்கும். தயாரிப்பில் எங்களுக்கு இருக்கும் ஒரே குறை இது. ஃப்ரிட்ஜில் வைத்தால் நீடிக்கும் என்று நினைப்பவர்கள், வெளியே எடுத்துத் திறந்ததும் குளிர்ந்த கேப்ஸ்யூலில் ஈரம் படிவதை மறந்துவிடுகிறார்கள். நிழலான, உலர்ந்த பெட்டி போதும்.

வாங்கும்போது ட்யூபின் அடியில் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பாருங்கள். நாள் தாண்டியது மஞ்சளாகவே இருந்தாலும் சோதனைக்கு ஆகாது. மாதத்துக்கு எத்தனை தேவை என்று கணக்குப் போட்டு வாங்குங்கள். மொத்தமாக வாங்கி அலமாரியில் அடுக்கினால் பாதி வீணாகும்.