ஒரு வருடம் ஓட்டிப் பார்த்த வீட்டுத் தோட்டக் கிட்: எது தேறும், எது தேறாது

வீட்டில் காய்கறி வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கிறார்களே, அந்த ஆரம்பக் கிட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். உள்ளே குரோ பேக் (செடி வளர்க்கிற பை), கோகோபீட் கட்டி (தேங்காய் நார்த்தூளை அழுத்திச் செய்தது), மண்புழு உரம், கொஞ்சம் விதைப் பாக்கெட், வேப்பெண்ணெய், ஒரு குட்டி ஸ்ப்ரேயர், ஈரம் பார்க்கிற மீட்டர், ஏதோ ஒரு வளர்ச்சி ஊக்கி இருக்கும். இதற்கு வருகிற விமர்சனங்கள் பெரும்பாலும் வாங்கிய சூட்டோடு எழுதியவை. விதை முளைத்த படம் ஒன்று, ஐந்து நட்சத்திரம், முடிந்தது கதை. முளைப்பது ஒரு விஷயமே இல்லை. முதல் இலைகளுக்கான சத்து விதைக்குள்ளேயே இருக்கிறது, ஈரத்துணியில் சுற்றி வைத்தாலும் முளைக்கும். ஒரு வருடம் ஓட்டிய பிறகு சொல்ல வேண்டியது வேறு மாதிரி இருக்கிறது. கம்பெனி பெயர் சொல்லப் போவதில்லை, எந்தக் கிட்டைப் பிரித்தாலும் ஏறத்தாழ இதே சாமான்தான்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் பாதி உருப்படியான சாமான், பாதி இடத்தை அடைக்கிற சாமான். ஆனால் பெரிய குறை பையின் அளவுதான். வேருக்கு இடம் போதவில்லை என்றால் மற்ற எல்லாமே அந்தக் குறையைச் சமாளிக்கத்தான் செலவாகிறது. தண்ணீர் அடிக்கடி ஊற்ற வேண்டும், உரம் அடிக்கடி வைக்க வேண்டும், வாடி வாடித் தேறுகிற செடியில் பூச்சியும் சீக்கிரம் ஏறும்.

பையின் அளவை எப்படிப் போடுகிறார்கள் என்று கவனியுங்கள். 12க்கு 12 அங்குலம் என்று இருக்கும். அந்த 12 விரித்து நிறுத்திய பையின் விட்டமா, தட்டையாக மடித்து வைத்த பையின் அகலமா? விட்டம் என்றால் கிட்டத்தட்ட 22 லிட்டர் மண் பிடிக்கும். தட்டையான அகலம் என்றால், சுற்றளவு 24 அங்குலம், விரித்தால் விட்டம் ஏழரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், ஆக மொத்தம் 9 லிட்டர் சுமாருக்குத்தான் வரும். இரண்டு பையிலும் அச்சிட்டிருக்கிற எண் ஒன்றே. இந்தக் கிட்டில் வந்தது இரண்டாவது ரகம். தண்ணீர் வழியாமல் நிற்க மேலே இரண்டு அங்குலம் விட்டால் இன்னும் குறைகிறது. இதில் தக்காளி வை என்று கூட வருகிற சின்னப் புத்தகம் சொல்கிறது. வைக்கலாம், வளரவும் செய்யும், காய்க்கிற நேரத்தில் வெயில் ஏறினால் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் காலியாகி, செடி தலையைத் தொங்கப் போட்டு நிற்கும்.

ஒரு வருடப் பழக்கத்தில் சொல்கிறேன், கீரைக்கும் கொத்தமல்லிக்கும் ஆழம் அரை அடி போதும், அகலம்தான் வேண்டும். மிளகாய் 10, 15 லிட்டரில் சமாளித்துக்கொள்ளும். தக்காளி, கத்தரி, வெண்டைக்கு 20 லிட்டருக்குக் கீழே போக வேண்டாம். சுரை, பீர்க்கு, பாகல் மாதிரிக் கொடி வகைக்கு 40 லிட்டருக்கு மேல் கொடுங்கள், முடிந்தால் இன்னும் கூட. லிட்டர் கணக்கில் அளவு போட்டிருக்கிற பையை மட்டும் வாங்குவது என்று வைத்துக்கொண்டால் இந்த அங்குலக் குழப்பமே வராது. பையின் தரம் பற்றிக் குறை இல்லை. நெய்த மாதிரி இருக்கிற எச்.டி.பி.இ. என்கிற கெட்டி பிளாஸ்டிக் பை, வெயிலைத் தாங்குவதற்கான யு.வி. சேர்மானம் உள்ளது, ஒரு வருடம் கழித்தும் ஓரம் கிழியவில்லை. மெல்லிய பிளாஸ்டிக் பையோடு வருகிற கிட்டும் உண்டு, அது வெயிலில் மொறுமொறுவென்று உடையும், அதைத் தொடவே தொடாதீர்கள். துணிப் பை ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் வேர் ஓரத்தில் காற்றுப் பட்டு நின்றுவிடும், சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொள்ளாது, நல்லதுதான், ஆனால் பக்கவாட்டிலும் ஈரம் ஆவியாகும். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத வீட்டுக்கு அது சரிவராது.

அடுத்தது கோகோபீட். இதைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனால் விற்கிற விதம் சரியில்லை. "மண்ணே தேவையில்லை" என்று பெட்டியின் மேல் போட்டிருக்கிறார்கள். கோகோபீட்டில் செடிக்கான சத்து என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது, அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், வேருக்குக் காற்று விடும், எடையைக் குறைக்கும், அவ்வளவுதான். கட்டியை ஊற வைத்துப் பிழிந்து இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும், நார்க்கழிவில் சோடியம், பொட்டாசியம் உப்பு தங்கியிருக்கும், கழுவாமல் போட்டால் நாற்றின் இலை ஓரம் கருகும். கழுவி வந்தது என்று போட்டிருந்தாலும் ஒருமுறை அலசிவிடுவது நல்லது. புத்தகம் கோகோபீட் பாதி, மண்புழு உரம் பாதி என்கிறது. முதல் இரண்டு மாதம் பிரமாதமாக இருக்கும், அப்புறம் கலவை உட்கார்ந்து பையில் கால்வாசி காலியாகும், சத்தும் தீர்ந்திருக்கும். மூன்றில் ஒரு பங்கு நல்ல மண் சேர்த்த பைகள் ஒரு வருடம் முழுக்க நிலையாக நின்றன. மாடியின் எடை பற்றிக் கவலைப்படுகிறவர்கள் மண்ணைக் குறைத்துக்கொள்ளலாம், அதற்குப் பதிலாக மாதம் ஒருமுறை மேலுரம் போட்டே ஆக வேண்டும்.

இன்னொரு விஷயம் புத்தகத்தில் இல்லவே இல்லை. கோகோபீட் கால்சியத்தைத் தன்னோடு பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே விடும். தக்காளிக் காயின் அடிப்பக்கம் கருத்து அமுங்கிப் போகிறதே, பலர் அதை நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். நோய் இல்லை, காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது. கால்சியம் தண்ணீரோடுதான் மேலே ஏறும். ஒரு நாள் காய விட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் மண்ணில் கால்சியம் கொட்டிக் கிடந்தாலும் காய்க்கு வராது. சின்னப் பை, வெறும் கோகோபீட், ஒழுங்கில்லாத தண்ணீர், மூன்றும் சேர்ந்தால் அடி அழுகல் வந்தே தீரும், கிட்டின் அமைப்பே முதல் இரண்டுக்கு வழி செய்து கொடுக்கிறது. முட்டை ஓட்டை நொறுக்கிப் போடச் சொல்வார்கள், அது கரைவதற்குள் அந்தச் செடியின் காலமே முடிந்துவிடும். எப்சம் உப்பு போடச் சொல்கிறவர்களும் உண்டு, அதில் இருப்பது மெக்னீசியம், கால்சியத்தோடு போட்டி போட்டு நிலைமையை மோசமாக்கும். பெரிய பைக்கு மாற்றி, மேலே காய்ந்த இலையால் மூடாக்குப் போட்டு, தினமும் ஒரே அளவு ஊற்றிய செடியில் அடுத்து வந்த காய்கள் சுத்தமாக இருந்தன.

ஈரம் பார்க்கிற மீட்டர் வேண்டாம். இரும்புக் குச்சி மாதிரி இருப்பதை மண்ணில் குத்தினால் முள் ஓடும், பார்க்கக் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். அது ஈரத்தை நேராக அளப்பதில்லை, மண்ணில் மின்சாரம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்பதைத்தான் காட்டுகிறது. உரம் போட்ட மறுநாள் உப்பு கூடியிருக்கும், காய்ந்த மண்ணும் ஈரம் என்று காட்டும். கோகோபீட் பொலபொலவென்று இருப்பதால் குச்சிக்கும் அதற்கும் ஒட்டுதல் இல்லாமல் நனைந்த பையைக் காய்ந்தது என்று காட்டியதும் உண்டு. அதே மீட்டரில் பி.எச்., அதாவது மண்ணின் அமில-காரத் தன்மை, பார்க்கவும் ஒரு பொத்தான் இருக்கிறது, அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள், அல்லது பையை ஒரு பக்கம் தூக்கி எடையைப் பாருங்கள், ஒரு மாதத்தில் கை பழகிவிடும். கோகோபீட்டின் மேற்பரப்பு காய்ந்து வெளுத்திருந்தாலும் கீழே சொதசொதவென்று இருக்கும், அதனால் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

வேப்பெண்ணெய் நல்ல தரம். லேபிளில் அசாடிராக்டின் (பூச்சியைக் கட்டுப்படுத்துகிற வேப்பஞ்சாரம்) எத்தனை பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று போட்டிருந்தது, அது இல்லாத பாட்டிலை நம்பி வாங்க வேண்டாம், ஏனென்றால் அந்தச் சாரத்தைப் பிரித்து எடுத்துவிட்ட எண்ணெயும் வேப்பெண்ணெய் என்றேதான் விற்பனைக்கு வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கூடவே சில சொட்டு மென்மையான திரவ சோப், சோப் இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து ஓர் இலைக்கு மொத்தமாகவும் இன்னோர் இலைக்கு வெறும் தண்ணீராகவும் போகும். அடித்த உடனே பூச்சி செத்து விழும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அது பூச்சியின் பசியைக் கெடுக்கும், தோல் உரித்து வளர்வதைத் தடுக்கும், அதனால் வாரம் ஒருமுறை விடாமல் அடித்தால்தான் எண்ணிக்கை குறையும். வெயில் பட்டால் சாரம் சிதைந்துவிடும், சாயங்காலம் அடியுங்கள், கலந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

ஆனால் கூட வருகிற ஸ்ப்ரேயர் இந்த எண்ணெயையே வீணாக்குகிறது! முனை நேராக மட்டும் அடிக்கும், அசுவினியும் வெள்ளை ஈயும் செம்பேனும் இருப்பதோ இலையின் அடிப்பக்கம். மேலே எவ்வளவு நனைத்தாலும் அவற்றுக்கு மழைக்குக் குடை பிடித்த மாதிரி. முனையைத் திருப்பி மேல்நோக்கி அடிக்கிற மாதிரி, கையால் காற்று அடிக்கிற ஸ்ப்ரேயர் ஒன்று தனியாக வாங்கினேன், ஒரு வருடத்தில் வாங்கியதிலேயே அதிகம் பயன்பட்டது அதுதான். செம்பேனுக்கு வெறும் தண்ணீரையே அடிப்பக்கம் வேகமாக அடித்தால் பாதிப் பிரச்சினை தீரும், அது காய்ந்த சூட்டில்தான் பெருகும். எறும்பு வரிசையாகச் செடியில் ஏறினால் எறும்பை விரட்டுவதோடு நிறுத்தாதீர்கள், மேலே எங்கோ மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது, அது விடுகிற தேன் மாதிரியான கழிவுக்காகத்தான் எறும்பு போகிறது. மஞ்சள் ஒட்டு அட்டைகள் வெள்ளை ஈ வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள உதவும், அட்டையை வைத்தே ஒழித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

வளர்ச்சி ஊக்கி பாட்டிலில் கடல்பாசிச் சாறு என்று போட்டிருக்கிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றுமே அதில் பேருக்குத்தான். ஊற்றிய செடிக்கும் ஊற்றாத செடிக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இதற்குப் பதில் இன்னொரு பை மண்புழு உரம் வைத்திருந்தால் இரண்டு நட்சத்திரம் கூடவே கொடுத்திருப்பேன்.

விதைப் பாக்கெட்டுகளில் முளைப்புத் திறன் நன்றாகவே இருந்தது, ஒன்றைத் தவிர. வெங்காய விதைக்கு ஆயுள் குறைவு, ஒரு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், கிடங்கில் எத்தனை நாள் கிடந்ததோ, பாதிகூட முளைக்கவில்லை. பாக்கெட்டில் பேக் செய்த தேதி இல்லாவிட்டால் யோசியுங்கள். தக்காளி, பூசணி வகைகள் சில வருடம் தாங்கும், காற்றுப் புகாத டப்பாவில் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் போதும். தக்காளியும் கத்தரியும் எஃப்1 வீரிய ரகம் (இரண்டு ரகத்தைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை விதை), காய்ப்பு நல்ல காய்ப்பு, ஆனால் அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் தாய்ச்செடி மாதிரியே வராது, கலந்து கட்டி வரும். விதை எடுத்து வைக்கிற எண்ணம் இருந்தால் நாட்டு ரகமாகத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். இதைப் பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

கொடி வகை விதையும் கொடுத்துவிட்டு மகரந்தச் சேர்க்கை பற்றி ஒரு வரிகூடச் சொல்லாதது எனக்குக் கோபம். சுரையிலும் பூசணியிலும் முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, காம்போடு நேராக நிற்கும், அது உதிர்ந்தால் பதறத் தேவையில்லை. பெண் பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். உயரத்தில் இருக்கிற வீடுகளில் வண்டும் தேனீயும் வருவது குறைவு, அதனால் ஆண் பூவைப் பறித்து பெண் பூவில் தொட்டுவிட வேண்டியிருக்கும். பூசணியும் பாகலும் காலையில் விரியும். சுரையும் பீர்க்கும் சாயங்காலம்தான் விரியும், காலையில் போய்ப் பார்த்துவிட்டுப் பூவே சரியில்லை என்று கொடியைப் பிடுங்கியவர்களை எனக்குத் தெரியும். தக்காளிக்கு இந்த வேலை வேண்டாம், பூங்கொத்தை லேசாகத் தட்டிவிட்டால் போதும். ராத்திரியும் புழுக்கமாக இருக்கிற மாதங்களில் தட்டினாலும் பூ உதிரும், அப்போது உரத்தைக் கூட்டாமல் விட்டுவிடுங்கள்.

கிட்டோடு கூடுதலாக விற்கிற சொட்டுநீர் குழாய் செட்டும் போட்டுப் பார்த்தேன். பக்கெட்டை ஒரு மீட்டர் உயரத்தில் வைத்தால் கிடைக்கிற அழுத்தம் 0.1 பார்தான், சாதாரணச் சொட்டுவான்கள் ஒரு பார் அளவு அழுத்தத்துக்குச் செய்தவை. முதல் பைக்கு நன்றாகச் சொட்டும், கடைசிப் பை தாகத்தில் இருக்கும். குழாய் இணைப்பில் டைமரோடு மாட்டினால் அருமை, ஊருக்குப் போகிறவர்களுக்கு அதுதான் வழி. வடிகட்டி இல்லாமல் மாட்டினால் துவாரம் அடைத்துக்கொள்ளும்.

மொத்தத்தில் ஐந்துக்கு இரண்டரை. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் கிட்டைத் தவிர்த்துவிட்டு 20 லிட்டர் பை நாலு, கோகோபீட், உரம், லேபிள் சரியாக உள்ள வேப்பெண்ணெய், முனை திரும்புகிற ஸ்ப்ரேயர் என்று தனித்தனியாக வாங்கலாம். பரிசாகக் கொடுக்க வேண்டுமென்றால் கிட் பரவாயில்லை, பெட்டி அழகாகத்தான் இருக்கிறது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அந்தச் சின்னப் பைகளில் கீரை, கொத்தமல்லி போடுங்கள், வெங்காய விதையை முதல் வாரமே விதையுங்கள், மீட்டரைக் குழந்தைகளிடம் கொடுத்துவிடுங்கள்.