தீவகத்துக்கு ஒரு பஸ்: நெடுந்தீவா, நயினாதீவா?

நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துத் தீவுகளைப் பார்க்கக் கிளம்புகிறீர்களா? உங்கள் பஸ் குறிகட்டுவான் துறையோடு நின்றுவிடும். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று இருபக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம். அப்புறம் படகுதான். நயினாதீவுக்குக் கால் மணி நேரம் சொச்சம், நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அந்த ஒரு மணி நேரம் வயிற்றைக் கலக்கிவிடும். வயதானவர்கள் அதிகம் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், நயினாதீவுதான்.

காட்சி என்று பார்த்தால் போட்டியே இல்லை, நெடுந்தீவு. சாந்து பூசாமல் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள் ஒழுங்கைக்கு ஒழுங்கை நீள்கின்றன. ஒரு கல்லை உற்றுப் பார்த்தால் பூப்போல் பவளத்தின் வரிகள் தெரியும். வெட்டவெளியில் மட்டக்குதிரைகள் மேய்கின்றன. ஒல்லாந்தர் விட்டுப்போன கோட்டையும் புறாக்கூடும், பெருத்த அடியுள்ள பெருக்கமரமும் (பாவோபாப்) உண்டு. ஆனால் எல்லாம் தள்ளித்தள்ளி இருக்கின்றன. ஓட்டோவோ பிக்கப்போ முன்கூட்டியே பேசிவைக்காவிட்டால் துறையிலேயே பாதி நாள் போய்விடும். கடைசிப் படகு பிற்பகலிலேயே கிளம்பிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நயினாதீவில் அந்தத் தொல்லை இல்லை. இறங்கியதும் நாகபூசணி அம்மன் கோயில், கொஞ்சம் நடந்தால் நாகவிகாரை. உபசரிப்பிலும் இதுவே ஒரு படி மேல். வந்தவர் யாரென்று கேட்காமல் அன்னதான மண்டபத்தில் பந்தியில் உட்கார வைக்கிறார்கள். நாற்பது பேருக்குச் சாப்பாடு தேடி அலைந்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனித் திருவிழாக் காலத்தில் மட்டும் குழுவாகப் போகாதீர்கள், கூட்டத்தில் ஆளைத் தொலைத்துவிடுவீர்கள்.

கைவினைக்கு இரண்டு தீவையும் நம்பிப் போகத் தேவையில்லை. பனையோலை வேலை வீட்டுத் திண்ணையில் நடப்பது. தெரிந்தவர் மூலம் ஒரு வீட்டில் சொல்லிவைத்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். காய்ந்த சார்வோலையில், அதாவது பனங்குருத்தோலையில், ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, சிலவற்றைச் சாயத்தில் அவித்து எடுக்கிறார்கள். பிறகு கண் எங்கேயோ இருக்க, கை தன்பாட்டில் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியைப் பின்னுகிறது. கடையில் பேரம் பேசியவர்கள் இதைப் பார்த்த பிறகு பேரம் பேசமாட்டார்கள்.

இன்னொரு தீவான காரைநகருக்குப் பொன்னாலைப் பாலத்தால் பஸ்ஸே போகும். கசூரினாக் கடற்கரையில் ஆழமும் குறைவு. சிறுபிள்ளைகள் இருந்தால் மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

நெடுந்தீவையும் நயினாதீவையும் ஒரே நாளில் திணிக்கும் திட்டத்தை யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இளவட்டக் குழு என்றால் முழு நாளையும் நெடுந்தீவுக்கே கொடுங்கள். மாலையில் திரும்பியதும் ஒடியற்கூழ் (பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் கூழ்) கிடைக்கும் இடமாகப் பார்த்துச் சொல்லிவையுங்கள், கிண்ணத்தில் அல்ல, பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில். பிளாவைக் கீழே வைக்க முடியாது, கூழ் முடியும்வரை கைப்பேசியை எடுக்க ஒருவருக்கும் கை இருக்காது.