பாலையாவா, ரங்காராவா: முதலில் யாரைப் பார்ப்பது?

குணச்சித்திர நடிப்பு பழக நினைப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் வரும். இருவரும் பழைய தமிழ்ப் படங்களின் குணச்சித்திர நடிகர்கள், மேடையிலிருந்து வந்தவர்கள்தான்.

தொடக்கம்: டி.எஸ். பாலையா நாடகக் கம்பெனியில் வளர்ந்து, 1936-ல் திரைக்கு வந்தவர். எஸ்.வி. ரங்காராவ் தீயணைப்புத் துறையில் வேலை பார்த்தவர். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தவர்.

உடல்: ரங்காராவ் வந்து நின்றாலே போதும், காட்சி நிறைந்துவிடும். 'மாயா பஜார்' (1957) கடோத்கஜனுக்கு வேறு யாரை நினைக்க முடியும்? பாலையாவிடம் அந்த ஆகிருதி இல்லை, முகம் இருந்தது. 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) நாகேஷ் பேய்க்கதை சொல்லச் சொல்ல, இவர் உட்கார்ந்து கேட்கிறார், அவ்வளவுதான். கண் விரிவதும் பயம் மெல்ல ஏறுவதும்தான் அந்தக் காட்சியையே தூக்கி நிறுத்துகின்றன. எதிராளி பேசும்போது நடிப்பதுதான் மிகக் கடினம் என்பேன்.

கம்பீரமும் தளர்ச்சியும்: 'திருவிளையாடல்' (1965) ஹேமநாத பாகவதரின் செருக்கு பாலையாவுக்கு. 'படிக்காத மேதை' (1960) குடும்பத் தலைவரின் தளர்ச்சி ரங்காராவுக்கு.

சரி, யாருக்கு எவர்? நகைச்சுவையும் எதிர்வினையும் பழக பாலையா. புராண வேடம், அப்பா வேடம் என்றால் ரங்காராவ். ஒருவரைத்தான் பார்க்க முடியும் என்றால், நான் பாலையாவைச் சொல்வேன்.