வேலூரிலிருந்து கடல்நாய்களை எண்ணுதல்: சீல்ஸ்பாட்டர் இணையச் சேவை குறித்து ஒரு மதிப்புரை

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள பிலிப் தீவின் இயற்கைப் பூங்கா நிர்வாகம் 2017ஆம் ஆண்டு தொடங்கிய சீல்ஸ்பாட்டர் என்ற இணையச் சேவையை, காட்பாடி வட்டத்தில் உள்ள எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்தில் பயன்படுத்தினோம். கட்டணம் எதுவும் இல்லை. தீவின் மேற்கு முனைக்கு அப்பால், பாஸ் நீரிணையில் உள்ள சீல் ராக்ஸ் என்ற பாறைத் திட்டின் மேல் ட்ரோனைப் பறக்கவிட்டு எடுத்த படங்களைச் சிறு துண்டுகளாகத் திரையில் காட்டுகிறார்கள். அவற்றில் தெரியும் ஒவ்வொரு கடல்நாயையும் சொடுக்கி, அது வளர்ந்ததா குட்டியா என்று குறிப்பதும், வலையிலோ கயிற்றிலோ சிக்கியது கண்ணில் பட்டால் அதைத் தனியாகக் குறிப்பதும் தன்னார்வலரின் வேலை. கடற்கரையே இல்லாத நம் மாவட்டத்தில் இருந்தபடி ஒரு கடல் உயிரினத்தின் கணக்கெடுப்பில் பங்குபெற இதைவிட நேர்மையான வழியை நான் கண்டதில்லை.

எண்ணிக்கை எதற்குத் தேவைப்படுகிறது என்பதை மாணவர்களுக்கு விளக்கிவிட்டே கணினியைத் திறக்க வேண்டும். ஆஸ்திரேலிய உரோமக் கடல்நாய்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோலுக்காகவும் எண்ணெய்க்காகவும் கூட்டங்கூட்டமாக வேட்டையாடப்பட்டு, பின்னர் சட்டப் பாதுகாப்பு கிடைத்த பிறகே மெல்லப் பெருகத் தொடங்கின. பெண் கடல்நாய் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும் என்பதால், அந்த ஆண்டு பிறந்த குட்டிகளின் எண்ணிக்கையை வைத்தே கூட்டத்தின் நிலையைக் கணிக்கிறார்கள். 2007இல் எடுத்த கணக்கைவிட 2013இல் எடுத்த கணக்கில் குட்டிகள் குறைந்திருந்தது ஆய்வாளர்களைக் கவலைகொள்ளச் செய்தது. முன்பெல்லாம் மனிதர்கள் பாறையில் இறங்கி எண்ணியாக வேண்டும். ஆள் நடமாட்டத்தைக் கண்டு மிரண்ட பெரிய விலங்குகள் கடலை நோக்கி முண்டியடித்து ஓடினால், கிடந்த இடத்தை விட்டு விலகத் தெரியாத குட்டிகள் நசுங்கிப்போகும் அபாயம் உண்டு. மேலிருந்து எடுக்கும் படத்தில் அந்த ஆபத்து மிகவும் குறைகிறது; ஆனால் குவியும் படங்களை எண்ணி முடிக்க ஆய்வாளர்களின் கைகள் போதாமையால்தான் நம்மைப் போன்றவர்களை அழைக்கிறார்கள்.

இனி, படம் எப்படி இருக்கும் என்பதைச் சொல்கிறேன். முதலில் பார்க்கும்போது பழுப்பும் கறுப்புமாகப் பாறையைத் தவிர வேறெதுவும் தெரியாது. கொஞ்சம் கண் பழகிய பிறகு, உரோமம் காய்ந்த பெரியவை மண்ணிறத்திலும், அப்போதுதான் நீரிலிருந்து ஏறியவை ஈரத்தால் கருத்தும் தெரியத் தொடங்கும். குட்டிகள் பிறக்கும்போது ஏறக்குறைய முழுக் கறுப்பாக இருப்பதால், பாறை இடுக்கின் நிழலுக்கும் தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும் குட்டிக்கும் வேறுபாடு காண்பதே இந்த வேலையின் கடினமான பகுதி. ஆடு வளர்க்கும் வீட்டிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மற்றவர்கள் நிழல் என்று தள்ளிவிட்ட ஒரு புள்ளியைக் காட்டி, “சார், எல்லா நிழலும் இந்தப் பக்கமா விழுது, இது மட்டும் அந்தப் பக்கம் கெடக்கு. இது குட்டிதான் சார்” என்றாள். பெரிதாக்கிப் பார்த்தபோது சிறு துடுப்புக்கால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மாலையில் மலைச்சரிவுப் பாறைகளுக்கு நடுவே பரவி நிற்கும் ஆடுகளை ஒன்றுகூட விடாமல் எண்ணிப் பட்டியில் அடைப்பதைப் போன்றதே இந்த வேலை என்பதால், அந்தப் பழக்கம் உள்ள பிள்ளைகள் இதில் மற்றவர்களைவிட விரைவாகத் தேர்ச்சி பெறுகிறார்கள்.

சிக்கிய விலங்குகளைக் குறிக்கும் பகுதியே என் மதிப்பில் இச்சேவையின் உயிர்நாடி. இளம் கடல்நாய்கள் இயல்பிலேயே துருதுருப்பானவை. மிதந்து வரும் வலைத் துண்டுக்குள்ளும் பிளாஸ்டிக் பட்டைக்குள்ளும் தலையை நுழைத்து விளையாடும். கழுத்தில் மாட்டிய வளையம் அப்படியே இருக்க, விலங்கு வளர வளர அது தோலை அறுத்து உள்ளே இறங்கும். நேதாஜி மார்க்கெட்டுக்கு வரும் பழப்பெட்டிகளைச் சுற்றியிருக்கும் பட்டை ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து இதை விளக்கினேன். பட்டைகளை வெட்டாமல் வளையமாகவே குப்பையில் போடக் கூடாது என்பதை அதன் பிறகு நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பயிற்சி இல்லாதவர்கள் எண்ணும் கணக்கை நம்ப முடியுமா என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒரே படத்தைப் பலர் எண்ணும்போது ஒருவர் விட்டதை மற்றவர் பிடித்துவிடுவதால், தனி ஒருவரின் பிழை முடிவைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. அண்டார்க்டிகாவின் வெடல் கடல்நாய்கள் இருக்கும் இடங்களைச் செயற்கைக்கோள் படங்களில் தேடும் பணியில் 3 லட்சத்துக்கும் அதிகமான தன்னார்வலர்கள் ஈடுபட்டார்கள். அவர்களின் உழைப்பைக் கொண்டு, அங்குள்ள பெண் கடல்நாய்கள் ஏறத்தாழ 2 லட்சம் என்ற மதிப்பீடு 2021இல் வெளியானது. அந்த இனத்துக்கு அதற்கு முன் அப்படியொரு முழுமையான மதிப்பீடு இருந்ததில்லை.

பயன்படுத்த நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். கைப்பேசியின் சிறிய திரையில் குட்டிகள் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால் கணினியையே பயன்படுத்துங்கள். பள்ளியின் ஹைடெக் லேபில் ஒரு கணினிக்கு இருவர் என உட்கார வைத்து, ஒருவர் சொடுக்க மற்றவர் சரிபார்க்கும்படி செய்தால் பிழை குறைகிறது. வழிகாட்டுதலைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி, குட்டி, வளர்ந்தது, சிக்கியது ஆகிய மூன்றுக்கும் படம் வரைந்து ஒட்டிவைத்தோம். அது இல்லாவிட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களிலேயே நின்றுவிடுவார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து எண்ண விடாதீர்கள். கண் களைத்தால் கை தோன்றியபடி சொடுக்கத் தொடங்கிவிடும். எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்களுக்கும், பணி ஓய்வு பெற்று வீட்டில் கணினி வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் இந்தச் சேவையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். வேலூர் வட்டாரத்தில் வேறு பள்ளிகள் இதைத் தொடங்க முன்வந்தால், நாங்கள் எழுதிய தமிழ் வழிகாட்டியைத் தரக் காத்திருக்கிறோம்.