38,500 ரூபாய் போச்சு. புது விஆர் ஹெட்செட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

இன்று மத்தியானம்தான் கடைக்காரர் "இனிமே இதுக்காக வராதீங்க தம்பி" என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லி அனுப்பினார். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கடை பெயரும் கம்பெனி பெயரும் இப்போது போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ராமநாதபுரத்தில் மொபைல், டிவி, லேப்டாப் எல்லாம் விற்கிற பெரிய கடை, கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம் பக்கத்து ஆட்களெல்லாம் நம்பிப் போகிற கடை, அவ்வளவு போதும். கையை விட்டுப் போனது 38,500 ரூபாய். கூடவே நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த பழைய ஹெட்செட்.

விஆர், அதாவது தலையில் மாட்டிக்கொண்டால் கண்ணைச் சுற்றி வேறோர் இடமே தெரிகிற கருவி, எனக்குப் பொழுதுபோக்கு இல்லை, அதற்கும் மேலே. 2014-ல் கூகுள் கார்ட்போர்டு வந்த காலத்திலேயே அட்டையை வெட்டி, லென்ஸ் வரவழைத்து, போனைச் சொருகிப் பார்த்த ஆள். அப்புறம் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஹெட்செட்டை வருஷக்கணக்காக வைத்திருந்தேன். அதே கம்பெனியின் புது மாடல் வருகிறது என்றதும் எவ்வளவு ஆசையாக இருந்தேன் என்று வீட்டில் உள்ளவர்களைக் கேட்டால் தெரியும்.

என் பழைய ஹெட்செட்டில் கண்ணுக்கு ஒன்றாக இரண்டு ஓஎல்இடி திரை. அடியில் ஒரு தள்ளுபட்டை இருக்கும், அதை நகர்த்தினால் இரண்டு லென்ஸும் விலகும், நெருங்கும். இது ஏன் முக்கியம் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை ஐபிடி என்பார்கள். பெரியவர்களுக்குச் சராசரி 63 மி.மீ. அளவில் வரும், ஆனால் 54-லிருந்து 74 வரை ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு 71. கண்ணாடிக் கடையில் அளந்து சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். லென்ஸின் நடு மையமும் கருவிழியும் நேருக்கு நேர் இருந்தால்தான் படம் தெளிவாக விழும். விலகிப் போனால் ஓரம் மங்கும், கண் இழுக்கும், கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டு வலிக்கும். இது இன்றைக்குக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 2016-ல் வந்த முதல் ஆக்குலஸ் ரிஃப்ட், எச்டிசி வைவ் ஹெட்செட் இரண்டிலுமே இரண்டு ஓஎல்இடி திரை, லென்ஸை நகர்த்தும் வசதி எல்லாம் இருந்தது. அத்தனை வருஷத்துக்கு முன்னால் கொடுத்ததைப் புதுசில் பிடுங்குவார்கள் என்று யார் நினைப்பார்?

ஆனாலும் நான் கேட்டேன். கல்லாவுக்கு முன்னால் நின்று, பழைய ஹெட்செட்டைக் கையில் எடுத்து, தள்ளுபட்டையை இப்படியும் அப்படியும் தள்ளிக் காட்டி, "அண்ணே, இந்த வசதி புதுசுல இருக்கா, எனக்குக் கண் அகலம் ஜாஸ்தி, இது இல்லன்னா எனக்கு வேண்டாம்" என்றே கேட்டேன். அவர் தன் போனை எடுத்து, அந்தப் புது ஹெட்செட்டின் ஆப்பைத் திறந்து ஒரு செட்டிங்ஸ் பக்கத்தைக் காட்டினார். அதில் ஒரு கோடு, கோட்டில் ஒரு புள்ளி, 58-லிருந்து 72 வரை நகர்கிறது. "பாருங்க தம்பி, இப்பல்லாம் கையால தள்ள வேண்டாம், எல்லாம் உள்ளேயே வந்துருச்சு, 71 வச்சுக்கங்க, முடிஞ்சுபோச்சு" என்றார். பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னதற்கு, சீல் உடைத்தால் திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு, உடனே, "நான் சொல்றேன்ல, என் பொறுப்பு" என்று பில்லைத் திருப்பி, பின்பக்கம் நீலப் பேனாவில் தன் போன் நம்பரை எழுதி, அதற்கு அடியில் கோடும் போட்டுக் கொடுத்தார். அந்தக் கோட்டைத்தான் நம்பினேன். மச்சான் அங்கிருந்தே வாங்கி வருகிறேன் என்றதற்கும் அவர்தான், "வெளிநாட்டுல வாங்கினா வாரண்டி இங்க செல்லாது, நம்மகிட்ட வாங்கினா ஒரு பிரச்சினைன்னா நேரா வந்து நிக்கலாம்ல" என்றார். நேராகப் போய்த்தான் நின்றேன், என்ன கிடைத்தது என்று பின்னால் சொல்கிறேன். விலை 44,500. பழைய ஹெட்செட்டுக்கு 6,000 கழித்து, 38,500 ரூபாயை அங்கேயே ஜிபேயில் கட்டினேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்து, முதலில் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். வழுவழு பிளாஸ்டிக். பட்டையும் இல்லை, திருகும் இல்லை. லென்ஸைப் பிடித்து அசைத்தால் அசையவில்லை, சட்டத்தோடு சேர்த்து ஒட்டியிருக்கிறது. ஸ்கேலை வைத்து ஒரு லென்ஸ் நடுவிலிருந்து இன்னொரு லென்ஸ் நடுவுக்கு அளந்தேன், 63. செட்டிங்ஸில் அந்தப் புள்ளியை 71-க்கு நகர்த்தினால் திரையில் இருக்கிற படம்தான் வலமும் இடமும் நகர்கிறது, லென்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கிறது. என் கருவிழி ஒவ்வொன்றும் லென்ஸ் மையத்திலிருந்து 4 மி.மீ. வெளியே தள்ளி நிற்கிறது. படத்தை நகர்த்தி இதைச் சரிக்கட்ட முடியாது, ஏனென்றால் பார்க்கிற கண்ணாடி நகரவில்லை. கடைக்காரர் காட்டியது அந்த வசதியே இல்லை.

உள்ளே பார்த்தால் இரண்டு திரைக்குப் பதில் ஒரே எல்சிடி. இரண்டு கண்ணுக்கும் அதையே பாதி பாதியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே திரை என்றால் செலவு குறைவு, ஆனால் லென்ஸை விலக்க வேண்டுமானால் திரையின் ஓரத்தில் கொஞ்சம் பிக்சல் சும்மா விட வேண்டிவரும், அதனால் லென்ஸையே நிலையாக ஒட்டிவிட்டார்கள். சராசரி ஆளுக்குப் பொருந்தினால் போதும், மீதிப் பேர் எப்படியோ போகட்டும் என்ற கணக்கு. ஓஎல்இடியில் கறுப்பு என்றால் அந்தப் பிக்சல் அணைந்தே போகும். எல்சிடிக்குப் பின்னால் விளக்கு எப்போதும் எரிகிறது, ஆகவே இருட்டெல்லாம் சாம்பல். லென்ஸும் வட்ட வட்டமாக வரி விழுந்த பழைய ஃப்ரெனெல் வகைதான், இருட்டில் ஒரு வெளிச்சம் வந்தால் அதைச் சுற்றிக் கீற்றுக் கீற்றாக ஒளி சிதறுகிறது. தலையைப் பிடித்து நிற்கிற கெட்டிப் பட்டை போய் இலாஸ்டிக் வார் வந்திருக்கிறது, எடை முழுக்கக் கன்னத்தில். ஹெட்போன் சொருகும் துளையையும் எடுத்துவிட்டார்கள். சிப் வேகம் கூடியிருக்கிறது, எழுத்து கூர்மையாகத் தெரிகிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் விளம்பரத்தில் அந்த இரண்டைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். எதையெல்லாம் பிடுங்கினோம் என்று ஒரு வரியும் கிடையாது.

எனக்கு இது வெறும் விளையாட்டுச் சாமானாக இருந்திருந்தால் இவ்வளவு வயிறு எரிந்திருக்காது. எங்கள் வாப்பா சங்கு குளிக்கப் போனவர். இப்போது காது போய்விட்டது, கடலில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிப் பல வருஷம் ஆகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986-லேயே தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள், எங்கள் ஊருக்கு நேரே இருக்கிற அப்பாத்தீவில்கூட நாம் நினைத்தபோது போய் இறங்க முடியாது. அவருக்குக் கடலடி என்றால் இனி விஆர்தான். பழைய ஹெட்செட்டில் பவளப் பாறை வீடியோவைப் போட்டுவிட்டு, ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டி வைத்துக் காதில் மாட்டிவிட்டால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இது நல்ல பாரு, இந்தச் சந்துக்குள்ள மீன் நிக்கும்" என்று கையை நீட்டிக் காட்டுவார் (பாரு என்றால் கடலடிப் பாறைத் திட்டு), அங்கே எங்கள் வீட்டு பீரோதான் இருக்கும். புதுசை மாட்டிவிட்டேன். வாரிலிருந்து வருகிற சின்ன ஸ்பீக்கர் சத்தம் அவருக்குக் கேட்கவே இல்லை. ஆழத்துக்குப் போகப் போக நீலம் கறுத்து வர வேண்டிய இடத்தில் வெளுத்த சாம்பல். கொஞ்ச நேரத்தில் கழற்றி மடியில் வைத்துவிட்டு, "தண்ணி கலங்கிக் கெடக்கு, பழசையே எடு வாப்பா" என்றார். பழசுக்கு நான் எங்கே போவேன்?

மறுநாள் காலை பில்லுக்குப் பின்னால் இருந்த நம்பருக்கு அடித்தேன். "புதுசுல்ல தம்பி, கண்ணு பழகிரும், கொஞ்ச நாள் போட்டுப் பாருங்க" என்றார். திரும்ப அடித்தபோது, "கண் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிருங்களேன்". என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, சீட்டு கையில் இருக்கிறது. அப்புறம் போனை எடுக்கவில்லை. பஸ் ஏறி நேரில் போனால், முதலாளி மதுரைக்குப் போயிருக்கிறார், சாயங்காலம் வாங்க. சாயங்காலம் போனால், "அது கம்பெனி டிசைன், கடை என்ன பண்ணும்?" கம்பெனிக்கு எழுதினால் அங்கிருந்து வந்த பதிலில் ஒரே பாட்டு: கருவி அறிவிக்கப்பட்ட விவரங்களின்படி சரியாக இயங்குகிறது, வாங்கிய இடத்தில் தொடர்பு கொள்ளவும். மதுரை சர்வீஸ் சென்டரில் வாங்கி வைத்துக்கொண்டு, பழுது எதுவும் இல்லை என்று சீட்டு எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். பழுது என்று நான் சொல்லவே இல்லையே. இருக்கிறது என்று சொல்லி விற்ற ஒன்று இல்லை என்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியும் ஒருவர் காதிலும் ஏறவில்லை.

சரி, பணம் வேண்டாம், என் பழைய ஹெட்செட்டையாவது கொடுங்கள், அந்த 6,000-ஐ நானே திருப்பிக் கட்டுகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். அது அன்றைக்கே விலை போய்விட்டதாம், பரமக்குடிக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டு போனாராம். இன்று கடைசியாகப் போனபோது, புதுசை 20,000-க்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். 38,500 ரூபாயும் பழைய ஹெட்செட்டும் வாங்கிக்கொண்டு, பிரித்துப் பார்த்த குற்றத்துக்கு 20,000! "நீங்க போன்ல காட்டித்தானே வித்தீங்க" என்றேன். "நான் காட்டினதுக்கு என்ன சாட்சி" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற வேலைக்காரத் தம்பி, அன்றைக்கும் அங்கேயேதான் நின்றான், தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகுதான் அந்த "இனிமே வராதீங்க".

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்துத்தான் ஆரம்பித்தேன், இப்போது கை ஓடவில்லை. கண்ணாடிக் கடையில் ஐபிடி அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். லென்ஸ் கையால் நகர்கிறதா என்று உங்கள் விரலால் தள்ளிப் பாருங்கள், திரையில் நகர்கிற புள்ளியை நம்பாதீர்கள். சீல் உடைக்க மாட்டோம் என்றால் வேறு கடை பாருங்கள். பழசை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள், புதுசு ஒத்துவருகிற வரைக்கும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கடைக்காரர் வாயால் சொல்கிற வசதியைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள், இல்லை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வாய்மொழியாகப் பொய் சொல்லி விற்றாலும் அது முறையற்ற வணிகம்தான், ஆனால் சாட்சி என்ன என்று கேட்பார்கள், என்னைக் கேட்டதைப் போல.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் பதிந்துவிட்டேன். அதில் தீராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் இருந்தால் கட்டணம் கிடையாது, புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், வக்கீல் இல்லாமல் நாமே போடலாம். பில், கண் சீட்டு, மதுரையில் கொடுத்த சீட்டு, ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோ எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கிறது. இதே கடையில் இதே மாதிரி ஆப்பைக் காட்டி உங்களுக்கும் விற்றிருந்தால் பில்லோடு எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே போடலாம். பரமக்குடிப் பக்கம் யாராவது அண்மையில் அந்தக் கடையிலிருந்து அடியில் தள்ளுபட்டை உள்ள பழைய ஹெட்செட் வாங்கியிருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். வலது பக்க வாரில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். கொடுத்த விலைக்கு மேலே போட்டு வாங்கிக்கொள்கிறேன்.