கோயம்புத்தூர் கிரைண்டர் சுங்கை சிப்புட்டுக்கு வரும் வழிகள்

சென்ற ஆண்டு பொங்கலுக்கு முன், இரண்டு லிட்டர் மேசைக் கிரைண்டர் ஒன்றுக்காக நான் இரண்டு முறை பணம் கட்டினேன். முதல் முறை, இந்திய இணையக் கடை ஒன்றில் விலையாக 310 ரிங்கிட்டும் கொரியர் கட்டணமாக 265 ரிங்கிட்டும் செலுத்தினேன். கிரைண்டர் வீடு வந்து சேரவில்லை. இரண்டாம் முறை, ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒரு பாத்திரக் கடையில் 690 ரிங்கிட் கொடுத்து, அன்று மாலையே காரின் பின்னிருக்கையில் வைத்து, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்குக் கொண்டு வந்தேன். வெளிநாட்டுப் பொருளை வாங்க நமக்கு உள்ள வழிகளைப் பற்றிய என் கருத்து இந்த அனுபவத்தால் உருவானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தோட்டப்புறத்தை ஒட்டிய சிற்றூர்களில் கடைகள் குறைவு என்பதால், கைப்பேசியில் பொருள் வாங்கும் பழக்கம் இங்கே நகரத்தைவிட வேகமாகவே பரவியிருக்கிறது. வெளிநாட்டுப் பொருள் என்று வரும்போது நான்கு முக்கிய வழிகள் உண்டு. வெளிநாட்டுக் கடையிலிருந்து கொரியர் மூலம் நேராக வரவழைக்கலாம். ஷாப்பி, லசாடா போன்ற தளங்களில் உள்ள வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கலாம். ஊருக்குப் போய்வரும் உறவினரின் பெட்டியில் வரவழைக்கலாம். அல்லது ஏற்கெனவே இறக்குமதி செய்து வைத்திருக்கும் உள்ளூர்க் கடையில் வாங்கலாம். கப்பல் வழியாகப் பெட்டி அனுப்பும் முகவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மூலம் ஒரே ஒரு முறை எவர்சில்வர் பாத்திரங்களை வரவழைத்தேன். ஏழு வாரங்களில் நல்லபடியாக வந்து சேர்ந்தன. அந்த ஓர் அனுபவத்தை வைத்து நல்லது என்றோ கெட்டது என்றோ தீர்ப்புச் சொல்ல நான் தயாராக இல்லை.

விலையைப் பொறுத்தவரை அதிகம் பேசத் தேவையில்லை. நேரடிக் கொரியரில் பொருள் மலிவாகவும் போக்குவரத்து விலை உயர்ந்ததாகவும் இருக்கும். உள்ளூர்க் கடையில் எல்லாம் சேர்ந்து கூடுதலாகத் தெரியும். வரியும் இப்போது பெரிய புதிர் அன்று. 2024 ஜனவரி 1 முதல், 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத விலையில் இணையம் வழி விற்கப்பட்டு வெளிநாட்டிலிருந்து வரும் பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பன்னிரண்டு மாதங்களில் அத்தகைய பொருள்களை 500,000 ரிங்கிட்டுக்கு மேல் இங்கே விற்பவர்கள் பதிவு செய்துகொண்டு அந்த வரியை வசூலிக்க வேண்டும். அதனால்தான் பெரிய தளங்களில் பணம் கட்டும் பக்கத்திலேயே வரி தனித் தொகையாகக் காட்டப்படுகிறது. பொருள் 500 ரிங்கிட்டைத் தாண்டினால் கணக்கு வேறு: விலை, காப்புறுதி, சரக்குக் கட்டணம் மூன்றையும் கூட்டிய தொகையின் மீது இறக்குமதி வரியும், அந்த வரியையும் சேர்த்த மொத்தத்தின் மீது விற்பனை வரியும் விதிக்கப்படும். கொரியருக்குக் கொடுத்த பணத்துக்கும் வரி கட்டுகிறோம் என்பதைப் பலர் ரசீதைப் பார்த்த பிறகுதான் உணர்கிறார்கள்.

என் கிரைண்டர் வரியைப் பற்றிப் பேசும் கட்டத்துக்கே வரவில்லை. கோலாலம்பூர் விமான நிலையச் சரக்குப் பகுதியில் அது நின்றுவிட்டதாகக் கொரியர் நிறுவனத்திலிருந்து தகவல் வந்தது. கூடவே ஒரு பட்டியலும் வந்தது: விலைச்சீட்டு, அடையாள அட்டை நகல், எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் சான்றிதழ். முதல் இரண்டையும் பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். மூன்றாவதைப் பார்த்த பிறகுதான் நான் செய்திருந்த காரியம் எனக்கே விளங்கியது. வீட்டில் பயன்படும் மின்சாதனங்களில் ஒழுங்குமுறைக்கு உட்பட்டவற்றை, 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளின்படி, எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் சான்றிதழ் இல்லாமல் இறக்குமதி செய்யவோ விற்கவோ கூடாது. சமையலறை இயந்திரங்களும் அவற்றில் அடங்கும். அந்தச் சான்றிதழுக்குச் சோதனை அறிக்கை வேண்டும். இது ஒரே மாதிரியில் நூற்றுக்கணக்கான இயந்திரங்களைக் கொண்டுவரும் வணிகருக்காக வகுக்கப்பட்ட நடைமுறை. ஒற்றைக் கிரைண்டரை வைத்துக்கொண்டு என்னைப் போன்ற ஒரு தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) அதில் நுழைவது, தேர் வடத்தைத் தனி ஆளாக இழுப்பது போன்றது.

நான் அழுத்திச் சொல்ல விரும்பும் செய்தி இதுதான். பொட்டலம் சுங்கத்தில் நிற்கும்போது இறக்குமதியாளர் என்ற இடத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதே இந்த வழிகளுக்கிடையிலான உண்மையான வேறுபாடு. நேரடியாக வரவழைத்தால் அங்கே நம் பெயர்தான் இருக்கும். விற்றவர் பொருளை அனுப்பியதோடு தன் கடமை முடிந்தது என்பார். கொரியர்க்காரர் ஆவணம் இல்லாமல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்பார். நாள்தோறும் கிடங்கு வாடகை ஏறிக்கொண்டிருக்கும். என்னிடம் இரண்டு வழிகளைச் சொன்னார்கள்: என் செலவில் திருப்பி அனுப்பலாம், அல்லது உரிமையைக் கைவிடலாம். திருப்பி அனுப்பும் கட்டணம் கிரைண்டரின் விலையை நெருங்கியதால், கைவிடுவதாக எழுதிக் கொடுத்தேன். 575 ரிங்கிட்டும் போயிற்று. அன்றிரவு மனைவி, “கடையில கேட்டா கூடச் சொல்றாங்கன்னு சொன்னீங்களே, இப்ப யாருங்க கூடக் கொடுத்தது?” என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

ஈப்போக் கடையில் 690 ரிங்கிட் என்று கேட்டபோது முன்பெல்லாம் கொள்ளை என்றுதான் நினைப்பேன். இந்த முறை கிரைண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பகுதியைப் பார்த்தேன். அங்கே, ஒப்புதல் பெற்றதற்கு அடையாளமாக, சிரிம் என்னும் மலேசியத் தர நிறுவனத்தின் முத்திரையுடன் வரிசை எண் அச்சிட்ட சிறிய ஒட்டுத்தாள் இருந்தது. மின்கம்பியின் நுனியில் நம் சுவரில் பொருந்தும் மூன்று சதுர முனைப் பிளக் இருந்தது. இந்தியாவிலும் இங்கேயும் மின்னழுத்தம் ஒன்றுதான், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆனால் அங்கே விற்கும் பிளக்கின் முனைகள் உருண்டையானவை. நேரடியாக வரவழைத்தவர்கள் மாற்றுப் பிளக்கை மாட்டி, அது சூடேறுவதைப் பார்த்துக்கொண்டே மாவரைப்பதை நான் கண்டிருக்கிறேன். கடைக்காரர் கொள்கலனாக இறக்குவதால் அவருக்கு இன்னொரு வசதியும் உண்டு: 2010 முதல் நடப்பில் உள்ள ஆசியான்–இந்தியா சரக்கு வணிக ஒப்பந்தத்தின் வரிச்சலுகையை, பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதைக் காட்டும் மூலச் சான்றிதழைக் கொடுத்து அவரால் கோர முடியும். ஒற்றைப் பெட்டி வாங்கும் நமக்கு அந்தச் சான்றிதழை எந்த இணையக் கடையும் எடுத்துத் தருவதில்லை.

பராமரிப்பிலும் கடையே மேல். பத்து மாதங்களுக்குப் பிறகு கிரைண்டரின் பெல்ட் தளர்ந்து, உளுந்து அரைபடும்போது கல் நின்று நின்று சுற்றத் தொடங்கியது. ஈப்போவுக்கு எடுத்துச் சென்றேன். நான் ஒரு தேநீர் குடித்து வருவதற்குள் புதிய பெல்ட் மாட்டிக் கொடுத்தார்கள், 25 ரிங்கிட்.

இதற்காக மற்ற வழிகளை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. சேலை, பித்தளைக் குத்துவிளக்கு, குழந்தைகளின் சலங்கை போன்ற அனுமதி தேவைப்படாத பொருள்களுக்குத் தளங்கள் போதும். வரி முன்கூட்டியே கட்டப்பட்டுவிடும், பொருள் வராவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்க ஓர் இடமாவது இருக்கும். ஆனால் தளத்தில் விற்பனைக்கு இருக்கிறது என்பதாலேயே அந்தப் பொருள் நாட்டுக்குள் வர அனுமதி உண்டு என்று பொருள் கொள்ளக்கூடாது.

மருந்துத் தைலங்களுக்கும் லேகியங்களுக்கும் இது மிகவும் பொருந்தும். நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்கப்படும் பாரம்பரிய மருந்துக்கு இங்கே பதிவு வேண்டும். பதிவு பெற்றதன் உறையில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கி ‘டி’ என்று முடியும் எண் இருக்கும். இதில் மட்டும் உறவினரின் பெட்டி கொரியரை வென்றுவிடுகிறது, ஏனென்றால் பயணி தன் உடைமையோடு, தன் அல்லது குடும்பத்தாரின் உபயோகத்துக்காக, ஒரு மாத அளவுக்கு மேற்படாத மருந்தைக் கொண்டுவர விதி இடம் தருகிறது. திருச்சிக்குப் போய்வரும் சின்னம்மாவிடம் முழங்கால் தைலம் இரண்டு புட்டி சொல்லிவிடுவது அதனால்தான். இருபது புட்டி சொல்லிவிட்டால் அது உறவு ஆகாது, வியாபாரம் ஆகிவிடும்.

விதைகளுக்குப் பெட்டியும் உதவாது. முருங்கை விதையோ கீரை விதையோ, கொரியரில் வந்தாலும் கைப்பையில் வந்தாலும், மாகிஸ் எனப்படும் தனிமைப்படுத்தல், பரிசோதனைத் துறையின் இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் பயிர்நலச் சான்றிதழும் வேண்டும். இந்தக் கெடுபிடியைப் பார்த்து நம்மவர்கள் சலித்துக்கொள்வார்கள். ஆனால் நம் ஊரிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள கோலக்கங்சாரில் 1877இல் ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டதையும், பிரேசிலில் ரப்பர் தோட்டங்களை அழித்த தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் இன்றுவரை இங்கே வரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பொட்டலம் விதைக்கு ஏன் இத்தனை கேள்வி என்று கேட்கத் தோன்றாது. அந்த நோய் வந்திருந்தால் என் தாத்தா ரப்பர் மரம் சீவியிருக்க மாட்டார்.

உள்ளூர்க் கடையின் குறையையும் சொல்ல வேண்டும். அவர்கள் இறக்குவதைத்தான் நாம் வாங்க முடியும். ஈப்போவில் நான் கண்டது இரண்டு மாதிரிகள், அவற்றிலும் ஒரே நிறம். என் அக்காவுக்குச் சாய்த்து மாவெடுக்கும் மூன்று லிட்டர் கிரைண்டர் வேண்டும். இந்திய இணையக் கடையில் அது ஐந்து நிறங்களில் இருக்கிறது, விலையும் குறைவு. கடைக்காரரிடம் கேட்டேன். அந்த மாதிரிக்கு இன்னும் ஒப்புதல் எடுக்கவில்லை என்றும், எடுத்தால் தீபாவளிக்கு முந்தைய சரக்கில் இறக்குவதாகவும் சொன்னார். 50 ரிங்கிட் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். அதுவரை அக்கா பழைய கிரைண்டரிலேயே அரைத்துக்கொண்டிருக்கிறார்.